நெகட்டிவ் என்று எழுதப்பட்டவர்களையும் தேடிப் பாருங்கள்: மலேரியா விரைவுப் பரிசோதனையை மதிப்பிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மலேரியா விரைவுப் பரிசோதனைக் கருவிகளைக் களத்தில் மதிப்பிடும் ஆய்வாளர்களுக்கும், அந்த மதிப்பீட்டைப் பார்த்து எந்தக் கருவியை வாங்குவது என்று முடிவெடுக்கும் தொழில்நுட்பக் குழுவினருக்கும் வணக்கம்.

நான் ஆய்வக நுட்புநராகத் தெற்கு ஒடிசாவில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன். கோராபுட் மாவட்டத்தில் ஒரு தொண்டு மருத்துவமனையில் தொடங்கி, பிறகு மல்காங்கிரி மாவட்டத்தின் மலைக் கிராமங்களுக்குச் செல்லும் நடமாடும் மருத்துவக் குழுவில் இருந்தேன். இந்த மடலை நான் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. புதுச்சேரியில் இருக்கும் நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் கள நிலையம் கோராபுட்டில் பல பத்தாண்டுகளாக இயங்கிவருகிறது. அந்த வட்டாரத்தில் வேலை செய்யும் பூச்சியியலாளர்கள், மருத்துவர்கள், செவிலியர்கள் பலரோடு நான் தமிழிலேயே பேசியிருக்கிறேன். இந்தக் கருவிகளை மதிப்பிடுகிறவர்களிலும் தமிழ் படிப்பவர்கள் இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விரைவுப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அது வருவதற்கு முன்னால், காய்ச்சல்காரரின் விரலில் குத்தி எடுத்த ரத்தத் தடவல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், சாயமேற்றிப் படிக்கப்பட்டு, முடிவு ஊருக்குத் திரும்புவதற்குள் ஒரு வாரம், சில நேரம் இரண்டு வாரம் ஓடிவிடும். அதற்குள் அந்த ஆள் குணமாகியிருப்பார் அல்லது இறந்திருப்பார். ஐந்து மைக்ரோலிட்டர் ரத்தமும் சில சொட்டுக் கரைசலும் கால் மணி நேரமும் போதும் என்றானபோதுதான் மலேரியா மருத்துவம் மலையேறியது. நாட்டில் 2016-ல் பதிவான சுமார் 10.9 லட்சம் மலேரியா நோயாளிகளில் 4.4 லட்சம் பேருக்கு மேல் ஒடிசாக்காரர்கள். 2018-ல் அந்த மாநிலத்தின் எண்ணிக்கை 70 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. மருந்தூட்டிய கொசுவலைகளும், 2017-ல் தொடங்கிய 'துர்கம அஞ்சலரே மலேரியா நிராகரண்' (எளிதில் எட்ட முடியாத பகுதிகளில் மலேரியா ஒழிப்பு) என்ற 'தமன்' திட்டமும், அதன் கையிலிருந்த இந்தச் சின்னப் பிளாஸ்டிக் பட்டையும் அந்த இறக்கத்தில் பங்குடையவை. அண்மை ஆண்டுகளில் அங்கே எண்ணிக்கை மீண்டும் ஏறத் தொடங்கியிருப்பதால்தான், இந்தப் பட்டையை எப்படி மதிப்பிடுகிறோம் என்ற கேள்வியை இப்போது எழுப்ப வேண்டியிருக்கிறது.

என் மனத்தில் நிற்கும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2016 செப்டம்பர். பாலிமேலா நீர்த்தேக்கத்துக்கு அப்பால், 'கட் ஆஃப் ஏரியா' என்றே எல்லாரும் அழைத்த பகுதி. அணை நீர் சூழ்ந்ததால் வெளியுலகத்திலிருந்து துண்டிக்கப்பட்ட 151 ஊர்கள் அங்கே இருந்தன. 2018 ஜூலையில் குருப்ரியா பாலம் திறக்கப்படும் வரைக்கும் படகுதான் வழி. நாங்கள் காலையில் படகேறி, இறங்கி, இரண்டு மணி நேரம் நடந்து ஒரு சிற்றூரை அடைந்தோம். அங்கே ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். ஊரின் ஆஷா தீதி, அதாவது கிராமச் சுகாதாரப் பணியாளரான அக்கா, முந்தைய நாளே பரிசோதனை செய்திருந்தார். பட்டை வேலை செய்கிறது என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு மட்டும் வந்தது, மலேரியாவைக் காட்டும் மற்ற இரண்டு இடமும் வெறுமை. பாரசிட்டமால் கொடுத்திருந்தார். அதே பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்து நானும் செய்து பார்த்தேன். அதே முடிவு. பழக்க தோஷத்தால் ரத்தத்தின் கனப்பூச்சும் மென்பூச்சும் ஒரு சிலைடில் எடுத்து, உலர்த்தி, காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து முகாமுக்குத் திரும்பி, ஜேஎஸ்பி சாயமேற்றி எண்ணெய் லென்சின் கீழ் வைத்தபோது, ஒரு புலம் விடாமல், உயிரைப் பறிக்கக்கூடிய மலேரியா ஒட்டுண்ணியான ஃபால்சிபாரத்தின் வளையங்கள். சில சிவப்பணுக்களில் இரண்டிரண்டு. அந்த நேரத்தில் சிறுமிக்கு வலிப்பு வந்து, அவளுடைய அப்பா அவளை டோலியில் கட்டித் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்கு வந்துகொண்டிருந்தார். ஆர்ட்டிசுனேட் ஊசி உரிய நேரத்தில் கிடைத்தது, அவள் பிழைத்துக்கொண்டாள்.

அந்தப் பட்டைகள் ஏன் பொய் சொல்லின? எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. அந்தப் பெட்டி தகரக் கூரைக்குக் கீழே ஒரு கோடை முழுக்க இருந்திருக்கிறது. வெப்பத்தில் எதிர்பொருள் கெட்டிருக்கலாம். கரைசல் குப்பியில் பாதி ஆவியாகியிருந்தது, அதனால் இருக்கலாம். ஒட்டுண்ணிகள் அளவுக்கு மீறிப் பெருகியிருந்தால் அவை வெளிவிடும், பட்டை தேடுகிற எச்ஆர்பி-2 என்ற புரதம் பட்டையைத் திணறடித்து, கோடே வராமல் போவதும் உண்டு. அல்லது அந்த ஒட்டுண்ணியிடம் அந்தப் புரதத்தை உண்டாக்கும் எச்ஆர்பி-2 மரபணுவே இல்லாமல் இருந்திருக்கலாம். இந்த நான்கில் எது என்று கண்டுபிடிக்க வழியில்லாமல் போனதற்குக் காரணம் எளியது: இரண்டு பட்டைகளையும் மற்றக் கழிவுகளோடு எரித்துவிட்டோம். பட்டைகளின் தயாரிப்புத் தொகுதி எண்ணைப் பதிவேட்டில் யாரும் எழுதவில்லை, எழுதுவதற்கு அதில் கட்டமும் இல்லை. வடிதாளில் ஒரு சொட்டு ரத்தம்கூட எடுத்து வைக்கவில்லை. பாசிட்டிவ் என்றால் பெயர், வயது, மருந்து, எத்தனையாவது நாள் என்று பதிவேடு முழுப் பக்கம் கேட்கிறது. நெகட்டிவ் என்றால் ஒரு எண்ணிக்கையோடு முடிந்துபோகிறது.

நான் உங்களிடம் கேட்க வந்தது இதைத்தான். நெகட்டிவ் என்று எழுதப்பட்டவர்களில் ஒரு பகுதியினரையாவது தொடர்ந்து தேடிப் பார்க்கிற ஏற்பாடு இல்லாத எந்த மதிப்பீடும், தொலைதூர ஊர்களைப் பொறுத்தவரை, முடிவடைந்த மதிப்பீடு ஆகாது.

உலகச் சுகாதார நிறுவனம், நோயறியும் கருவிகளுக்கான பன்னாட்டு அமைப்பான ஃபைண்டோடு சேர்ந்து 2008-க்கும் 2018-க்கும் இடையில் எட்டுச் சுற்றுகளாக நடத்திய சோதனைகளை நான் மதிக்கிறேன். சந்தையில் குவிந்திருந்த மோசமான கருவிகள் பலவற்றை ஓரங்கட்டியது அந்த வேலைதான். ஆனால் அதில் வந்த எண்களைக் கொள்முதல் கூட்டங்களில் எப்படிப் படிக்கிறார்கள் என்பது எனக்குக் கவலை தருகிறது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 200 ஒட்டுண்ணிகள் உள்ள மாதிரிகளில் குறைந்தது 75 விழுக்காட்டு மதிப்பெண் வேண்டும் என்பது அங்கே வரையறை. அந்த மதிப்பெண் உணர்திறன் அன்று; நோயுள்ளவர்களில் எத்தனை பேரைக் கருவி பிடிக்கும் என்பதே உணர்திறன். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு தயாரிப்புத் தொகுதிகளில் இரண்டிரண்டு பட்டைகளில் சோதித்து, நான்கிலும் கோடு வந்தால்தான் அந்த மாதிரி தேறியதாகக் கணக்கு. ஒரு கருவியையும் இன்னொரு கருவியையும் ஒப்பிடுவதற்கான அளவுகோல் அது. மல்காங்கிரி மாவட்டத்துச் சித்ரகொண்டாவில் நூறு பேரைச் சோதித்தால் எத்தனை பேரைப் பிடிக்கும் என்று அது சொல்லவில்லை, சொல்வதாக அதை நடத்தியவர்களும் கூறவில்லை. 'மதிப்பெண் 90, ஆகவே நூற்றில் பத்துப் பேர்தான் தவறுவார்கள்' என்று பொறுப்பிலிருந்த ஒருவர் எங்களுக்கு வகுப்பெடுத்ததை நான் கேட்டிருக்கிறேன்.

வெப்பத்தையும் அதே போலத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தச் சோதனைகளில் பட்டைகளை 35 டிகிரியிலும் 45 டிகிரியிலும் இரண்டு மாதம் வைத்துப் பார்த்தார்கள். பயனுள்ள சோதனை. ஆனால் ஒரு பட்டையின் ஆயுள் பொதுவாக இரண்டு ஆண்டு. அந்த இரண்டு ஆண்டில் அது லாரியில், மாவட்டக் கிடங்கில், பிறகு வட்டாரக் கிடங்கில், துணை மையத்தின் அலமாரியில், கடைசியாக ஆஷா தீதி வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கிறது. மே மாதத்தில் மல்காங்கிரிச் சமவெளியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். தகரக் கூரைக்கு அடியில் அதைவிட எவ்வளவு கூடும் என்பதை அளந்து பார்த்தவர்கள் குறைவு. வெப்பமானி ஒன்றை அந்தப் பெட்டிக்குள் ஓராண்டு வைத்து எடுப்பது பெரிய செலவு பிடிக்கும் ஆராய்ச்சி இல்லை. புதிய கருவியை மதிப்பிட வரும்போது, தொழிற்சாலையிலிருந்து குளிர்ப்பெட்டியில் வந்த பட்டைகளோடு, அதே ஊரில் ஒரு கோடையைக் கடந்த பட்டைகளையும் சேர்த்துச் சோதியுங்கள். தொகுதிச் சோதனையைக் கப்பல் இறங்கும் இடத்தில் ஒரு முறை செய்துவிட்டு நிறுத்தாமல், தகரப் பெட்டியிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்குத் திருப்பி அனுப்புங்கள்.

அடுத்தது, பட்டையைப் படிக்கும் கண். மதிப்பீட்டுக்கு வரும் குழுக்கள் பெரும்பாலும் தங்கள் நுட்புநர்களை அழைத்து வருகிறார்கள். என்னைப் போன்றவர்கள் நல்ல வெளிச்சத்தில், மேசைமேல் வைத்து, கடிகாரம் பார்த்து, மங்கலான கோடும் கோடுதான் என்று பயின்ற கண்ணால் படிக்கிறோம். உண்மையில் அதைப் படிக்கப் போகிறவர் ஆஷா தீதி. சாயங்காலம் காட்டிலிருந்து ஆட்கள் திரும்பிய பிறகுதான் அவர் பெரும்பாலும் பரிசோதிக்கிறார், அடுப்புப் புகை நிறைந்த வீட்டுக்குள், கைப்பேசி வெளிச்சத்தில். நாற்பத்தைந்து வயதைக் கடந்த ஒரு தீதி பட்டையைக் கை நீட்டித் தூரப் பிடித்து, பிறகு வாசலுக்குப் போய், கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கட்டுப்பாட்டுக் கோடு அவருக்குத் தெரிந்தது. அதற்கு அருகே வெளிர் இளஞ்சிவப்பில் மயிரிழை போல நின்ற, விவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியா ஒட்டுண்ணிக்கான கோடு தெரியவில்லை. என் மூக்குக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டதும், "அரே, இருக்கிறதே!" என்று அவரே வியந்தார். எழுத்து படிக்க உதவும் மலிவான கண்ணாடி ஒன்றைக் கருவிப் பெட்டியோடு சேர்த்துக் கொடுப்பது, கருவியின் உணர்திறனை உயர்த்தும் வழிகளில் ஒன்று என்று நான் மெய்யாகவே நம்புகிறேன். ஆகவே மதிப்பீட்டில் ஒரே பட்டையை ஆஷாவும் நுட்புநரும் ஒருவர் முடிவை மற்றவர் அறியாமல் தனித்தனியே படிக்கட்டும்; இரண்டு முடிவையும் அறிக்கையில் தனித்தனியே வெளியிடுங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம், பயிற்சியும் வெளிச்சமும் கண்ணாடியும் சரிசெய்ய வேண்டிய தூரம். உற்பத்தியாளர் மேல் பழி போடக்கூடாத தூரமும் அதுவே.

கையும் அப்படித்தான். ரத்தம் எடுக்கும் சாதனம் சிலவற்றில் வளையமாகவும், சிலவற்றில் நுண்குழாயாகவும், சிலவற்றில் கவிழ்த்த கிண்ணம் போலவும் இருக்கிறது. ஒரு கொள்முதலில் ஒன்றும் அடுத்த கொள்முதலில் இன்னொன்றும் வரும்போது, பழைய பழக்கத்திலேயே ரத்தம் கூடவோ குறையவோ விழுகிறது. கரைசல் எத்தனை சொட்டு, எத்தனை நிமிடம் என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கூட்டமாகப் பரிசோதிக்கும் முகாம்களில் வேகத்துக்காக உறைகளை முதல் நாள் இரவே கிழித்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். மழைக்கால ஈரத்தில் அது பட்டையைக் கெடுக்கும் என்று யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. கரைசல் தீர்ந்தபோது தண்ணீர் ஊற்றியதையும் கண்டேன், அது இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும். இவற்றைப் பயனாளரின் பிழை என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடாதீர்கள். எந்தக் கருவி இத்தகைய பிழைகளைக் குறைவாகவே அனுமதிக்கிறது என்பதும் அந்தக் கருவியின் தரம்தான்.

இப்போது, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற செய்திக்கு வருகிறேன். நம் நாட்டில் 2013 முதல் பயன்படும் இரட்டைக் கருவி, ஃபால்சிபாரத்தை எச்ஆர்பி-2 புரதத்தாலும் விவாக்ஸை எல்டிஹெச் நொதியாலும் அடையாளம் காண்கிறது. எச்ஆர்பி-2 மரபணுவை இழந்த ஃபால்சிபாரம் நோயாளிகளிடம் உண்டு என்பது 2010-ல் பெருவின் அமேசான் பகுதியிலிருந்து முதலில் தெரியவந்தது. எரித்திரியாவில் சில மருத்துவமனைகளில் பெரும்பாலான நோயாளிகளின் ஒட்டுண்ணிகள் அப்படி இருந்ததால், 2016-ல் அந்த நாடு கருவியையே மாற்றியது. இந்தியாவில் எட்டு மாநிலங்களில் எடுத்த மாதிரிகளில் சராசரியாக 2.4 விழுக்காடு என்று 2016-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இந்த இழப்பால் தவறவிடப்படும் ஃபால்சிபாரம் நோயாளிகள் 5 விழுக்காட்டைத் தாண்டினால் கருவியை மாற்ற வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. சராசரி அதற்குக் கீழே இருக்கிறது என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் மலைப்பகுதியில் சராசரி என்பது எவரும் குடியிருக்காத ஊர். ஒரு பள்ளத்தாக்கில் ஒன்றுமில்லாமலும் அடுத்ததில் பன்மடங்காகவும் இருக்க முடியும்.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. கருவி காட்டிக்கொடுக்கிற ஒட்டுண்ணிக்கு நாம் மருந்து கொடுத்து அழிக்கிறோம். காட்டிக்கொடுக்காத ஒட்டுண்ணி அந்த உடம்பிலேயே தங்கி அடுத்த கொசுவுக்காகக் காத்திருக்கிறது. நாம் விடாமல் பரிசோதிக்கப் பரிசோதிக்க, கண்ணுக்குப் படாத வகைக்கே இடம் விட்டுக்கொண்டு போகிறோம். இந்த வகையைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் பட்டையில் நெகட்டிவாகவும் நுண்ணோக்கியில் பாசிட்டிவாகவும் உள்ளவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். பட்டை வந்த பிறகு சிலைடு எடுப்பதையே பல ஊர்களில் நிறுத்திவிட்டோம். சிலைடைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஓய்வுபெறுகிறார்கள். நூறு புலங்கள் பொறுமையாகப் பார்க்கும் கண் நாள்தோறும் பழகாவிட்டால் போய்விடும், எனக்கே போய்க்கொண்டிருக்கிறது. அளப்பதற்கு அளவுகோல் இல்லாத இடத்தில் மதிப்பீடு எதைக் கொண்டு நடக்கும்? நெகட்டிவ் வரும் காய்ச்சல்காரர்களில் பத்தில் ஒருவரிடமாவது ஒரு சிலைடும் வடிதாளில் ஒரு சொட்டு ரத்தமும் எடுத்து வையுங்கள். ஆஷாவுக்குப் பரிசோதனை ஒன்றுக்குக் கிடைக்கும் ஊக்கத்தொகை 15 ரூபாய். இந்தக் கூடுதல் வேலைக்கும் ஒரு தொகையை எழுதி வையுங்கள், ஏனென்றால் சொட்டைத் தொட்டு, உலர்த்தி, உறையிலிட்டு, சிலிக்கா பொட்டலத்தோடு துணை மையம் வரை நடந்து கொண்டுபோய்ச் சேர்க்கப் போகிறவர் அவர்தான்.

பொய்யான பாசிட்டிவையும் சுருக்கமாகத் தொட்டுச் செல்கிறேன். ஒட்டுண்ணி செத்த பிறகும் எச்ஆர்பி-2 புரதம் வாரக்கணக்கில் ரத்தத்தில் சுற்றும். மூன்று வாரத்துக்கு முன் மருந்து சாப்பிட்ட குழந்தைக்கு வேறு காய்ச்சல் வந்தால், கோடு மீண்டும் வரும், மலேரியா மருந்தும் மீண்டும் கொடுக்கப்படும், நிமோனியாவோ உண்ணிக் காய்ச்சலோ கவனிக்கப்படாமல் முற்றும். கடந்த மாதம் மலேரியா மருந்து சாப்பிட்டவரா என்ற கேள்வியை மதிப்பீட்டுப் படிவத்தில் சேர்த்து, அவர்களுடைய முடிவைத் தனியே காட்டினால், எத்தனை பாசிட்டிவ் பழைய நோயின் நிழல் என்பது தெரிந்துவிடும்.

தமன் போன்ற திட்டங்களில் காய்ச்சல் இருப்பவர், இல்லாதவர் என்று பாராமல் ஊரையே சோதிக்கிறோம். அங்கே கணக்கே வேறு. எடுத்துக்காட்டாக, நோயுள்ளவர்களில் 95 விழுக்காட்டினருக்குக் கோடு காட்டி, நோயில்லாதவர்களில் 95 விழுக்காட்டினருக்குக் கோடு காட்டாத ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். காய்ச்சலோடு வரும் ஆயிரம் பேரில் 300 பேருக்கு மலேரியா இருந்தால், கோடு வரும் 320 பேரில் 285 பேர் உண்மையான நோயாளிகள். அதே கருவியைக் கொண்டு ஊர் முழுவதையும் சோதித்து, ஆயிரத்தில் பத்துப் பேருக்கு மட்டும் தொற்று இருந்தால், கோடு வரும் ஏறத்தாழ அறுபது பேரில் ஐம்பது பேருக்கு மலேரியா இல்லை. அந்தப் பத்துப் பேரிலும் பலருடைய ரத்தத்தில் ஒட்டுண்ணி 200-க்கு வெகு கீழே இருக்கும். 200-ல் வாங்கிய மதிப்பெண் அவர்களைப் பற்றி எதையும் சொல்லாது. மருத்துவமனைக்கு வந்த காய்ச்சல்காரர்களிடம் செய்த மதிப்பீட்டை வைத்து ஊர்ப் பரிசோதனைக்குக் கருவி வாங்குவது இதனால்தான் தவறு. இரண்டுக்கும் தனித்தனி மதிப்பீடு வேண்டும். இரண்டாவதற்கு, ஒட்டுண்ணியின் மரபணுவையே தேடும் பிசிஆர் சோதனையோடு ஒப்பிடாமல் முடியாது. நுண்ணோக்கியே தவறவிடும் அளவில் இருக்கும் தொற்றை நுண்ணோக்கியை வைத்து அளக்க இயலாது.

நாடு 2027-க்குள் உள்ளூர்த் தொற்றைச் சுழியாக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. சுழி என்று எழுதும் நாளில் அந்தச் சுழி பட்டை தவறவிட்டதால் வந்ததா, நோய் உண்மையில் போனதால் வந்ததா என்று பிரித்துச் சொல்லும் சான்று நம் கையில் இருக்க வேண்டும். அதற்கான வேலையை நோய் அதிகமுள்ள இந்த ஆண்டுகளில்தான் செய்ய முடியும். பாசிட்டிவே அரிதான பிறகு போதுமான மாதிரிகள் கிடைக்க எத்தனை பருவம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதை நீங்களே அறிவீர்கள்.

என்னிடம் அந்த ஆண்டுகளின் சொந்தக் குறிப்பேடுகள் மூன்று இருக்கின்றன. பட்டையில் ஒன்றும் சிலைடில் வேறொன்றுமாக வந்த நாட்களையெல்லாம், ஊர், மாதம், கருவியின் பெயர், தெரிந்த இடங்களில் தொகுதி எண் உட்பட, பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். நோயாளிகளின் பெயர் அவற்றில் இல்லை. ஆய்வு என்று சொல்லும் தகுதி அவற்றுக்குக் கிடையாது, ஆனால் எந்தப் பள்ளத்தாக்கில் முதலில் தேடுவது என்று முடிவெடுக்க உதவக்கூடும். உங்களில் யார் கேட்டாலும் நகலெடுத்து அனுப்புகிறேன். அடுத்த மழைக்காலத்துக்கு முன் கேட்டால், எந்தப் பாதையில் எத்தனை மணி நேரம் நடக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புவேன்.

இப்படிக்கு,
தெற்கு ஒடிசாவில் பணியாற்றித் திரும்பிய ஓர் ஆய்வக நுட்புநர்